லேசா கை வச்சுப் பாரு தாயி!

தொப்புளுக்கு மேலே ஒரு கைக்குட்டையை விரித்துப் போட்டுவிட்டுக் கட்டிலோரம் குனியுங்கள். கண் வயிற்று மட்டத்துக்கு வரட்டும். மூச்சுக்கு ஏறி இறங்கும் வயிற்றின் நடுவே அந்தக் கைக்குட்டை மட்டும் தனித் தாளத்தில் துள்ளுகிறது, பார்த்தீர்களா! இப்போது அவர் மணிக்கட்டைப் பிடியுங்கள். அதே தாளம்!

“லேசா கை வச்சுப் பாரு தாயி, உள்ளே என்னமோ குதிக்குது” என்கிறார் உசிலம்பட்டிப் பக்கத்து ஐயா. அறுபத்தெட்டு வயது. விரல் நுனியில் நாற்பது வருடத்துப் பீடிக் கறை. வந்தது என்னவோ மூத்திரக் கல்லுக்கு ஸ்கேன் எடுக்க. அவருடைய வயிற்றுக்குள் உடம்பின் மிகப் பெரிய தமனியான அயோர்ட்டா பலூன்போல உப்பியிருக்கிறது. மருத்துவம் அதற்கு வைத்திருக்கும் பெயர் அனியூரிசம்.

செவிலியர் படிப்பில் இருக்கும் தங்கச்சிகளே, தம்பிகளே, வாருங்கள்! பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கத்தில் முடிந்துபோகும் இந்த அத்தியாயத்தின் திரையைத் தூக்கி உள்ளே போகப்போகிறோம். இந்த ஐயா பல ஐயாக்களின் சாயல். இந்தச் சுற்று மனக்கண்ணால் போகும் சுற்று. ஆனால் வழியில் பார்க்கப்போகும் ஒவ்வொரு கருவியும், ஒவ்வொரு அளவும், ஒவ்வொரு ஆபத்தும் நிஜம். மதுரையின் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் உங்கள் பணிநேரத்தில் எதிரே வந்து நிற்கக்கூடியவை.

வந்தியின் கரையும் மூன்றடுக்குச் சுவரும்

உடைப்பு என்றால் என்னவென்று மதுரைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். வைகைக் கரையில் வந்திக் கிழவியின் பங்கை அடைக்கச் சொக்கநாதரே கூலியாளாக வந்து பிட்டுக்கு மண் சுமந்தார் என்று ஆவணி மூலத்தில் இன்றும் திருவிழா எடுக்கும் ஊர் இது. கண்மாய்க் கரை ஒரே நாளில் உடைவதில்லை. எங்கோ மண் இளகும், கரை வெளிப்பக்கம் புடைக்கும், நீர் கசியும். அதைக் கண்டுபிடித்துச் சொல்ல நீர்பாய்ச்சி இரவெல்லாம் கரையில் நடப்பார்.

தமனியின் கரை மூன்று அடுக்கு. ரத்தம் தொடும் வழுவழுப்பான உள்ளடுக்கு இன்டிமா. நடுவே தசையும் ரப்பர்போல நீளும் எலாஸ்டின் இழைகளும் நிறைந்த மீடியா. வெளியே கொலாஜன் கொண்டு கட்டிப்போட்ட அட்வென்டிஷியா. ஒவ்வொரு துடிப்புக்கும் நீண்டு சுருங்கும் வேலை நடு அடுக்குடையது. வயது, புகை, அழற்சி இவையெல்லாம் சேர்ந்து அந்த எலாஸ்டினைக் கரைக்கத் தொடங்கினால் சுவர் நீள்கிறது, ஆனால் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. ஒரு தமனி தன் இயல்பான விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ ஓரிடத்தில் நிரந்தரமாக விரிந்துவிட்டால் அது அனியூரிசம். வயிற்று அயோர்ட்டாவின் இயல்பு விட்டம் சுமார் 2 செ.மீ., நம் கட்டைவிரல் பருமன். அது 3 செ.மீ. ஆனதும் அந்தப் பெயர் வந்துவிடும்.

சித்திரைத் திருவிழாவில் பலூன் ஊதிப் பார்த்திருப்பீர்கள். முதல் மூச்சுக்குத்தான் கன்னம் வலிக்கும். கொஞ்சம் உப்பிவிட்டால் அப்புறம் சுலபமாகப் பெரிதாகும். அதேதான் இங்கேயும்! குழாயின் ஆரம் கூடக் கூட, அதே ரத்த அழுத்தத்திலும் சுவர் தாங்கவேண்டிய இழுவிசை கூடுகிறது. சுவரோ மெலிந்துகொண்டே போகிறது. லாப்லாஸ் விதி என்று இயற்பியல் வகுப்பில் படித்தது உங்கள் நோயாளியின் வயிற்றுக்குள் வேலை செய்துகொண்டிருக்கிறது.

ஒரே பெயர், பல வேஷம்

சுவரின் மூன்று அடுக்கும் சேர்ந்து உப்பினால் அது உண்மை அனியூரிசம். குழாய் சுற்றிவரச் சமமாகப் பருத்துக் கதிர்போல இருந்தால் ஒரு வடிவம். ஒரு பக்கம் மட்டும் பைபோலப் பிதுங்கினால் இன்னொன்று. மூளையின் அடித்தளத்துத் தமனிகள் கிளைபிரியும் முனையில் காய்த்துத் தொங்கும் குட்டிப் பைக்குப் பெர்ரி அனியூரிசம் என்று பெயர். சுண்டைக்காய் காம்போடு நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள், அச்சு அசல் அதுவேதான்.

பொய் அனியூரிசத்தில் சுவர் உப்புவதே இல்லை. சுவரில் ஓட்டை. அதன் வழியே வெளியேறிய ரத்தத்தைச் சுற்றியுள்ள திசுக்கள் அணைகட்டிப் பிடித்து வைத்திருக்கின்றன. வெளியிலிருந்து தொட்டால் அதே துடிப்புதான், ஆனால் கரை என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை.

மூன்றாவது, கிழிசல். டிசெக்ஷன். உள்ளடுக்கு கிழிந்து, சுவரின் அடுக்குகளுக்கு நடுவே ரத்தம் புதுவாய்க்கால் வெட்டிக்கொண்டு ஓடும். நெஞ்சிலிருந்து முதுகுக்குத் துணி கிழிவதுபோல வலி. இரண்டு கையிலும் ரத்த அழுத்தம் வேறுபடலாம். ஆகவே நெஞ்சுவலி என்று வருபவருக்கு இரு கையிலும் அழுத்தம் எடுங்கள், இரண்டையும் எழுதி வையுங்கள். இதயத்திலிருந்து மேலெழும் பகுதியில் கிழிசல் என்றால் உடனே அறுவை. முதல் நாளில் ஒவ்வொரு மணி நேரமும் உயிரிழப்பு ஒன்றிரண்டு சதவீதம் கூடிக்கொண்டே போகும். கீழிறங்கும் பகுதியில் என்றால் பெரும்பாலும் இதயத்துடிப்பையும் அழுத்தத்தையும் ஊசி மருந்தால் இறக்கிக் காப்பார்கள்.

இனி விலாசங்கள். அதிகம் குடியிருப்பது வயிற்று அயோர்ட்டாவில், சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே. கை கால் தமனிகளில் முதலிடம் முழங்காலின் பின்குழிக்கு. அங்கே ஒன்று இருந்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறு காலிலும் இருக்கும்; வயிற்றையும் ஸ்கேன் செய்யாமல் விடக்கூடாது. முழங்கால் அனியூரிசம் வெடிப்பது அபூர்வம். அதற்குள் உறையும் ரத்தக்கட்டி நழுவிப் பாதத்துக்கு ரத்தத்தை அடைப்பதுதான் அதன் வழக்கம். வயிற்று உறுப்புகளுக்குப் போகும் தமனிகளில் முதலிடம் மண்ணீரல் தமனிக்கு. கர்ப்ப காலத்தில் அது வெடித்தால் தாய்க்கும் சேய்க்கும் பேராபத்து.

பீடி முதல் காளைக் கொம்பு வரை

வயிற்று அயோர்ட்டாவுக்கு முதல் எதிரி புகை. அடுத்து வயது, ஆண் என்பது, உயர் ரத்த அழுத்தம், குடும்பத்தில் யாருக்காவது இருந்த வரலாறு. இங்கே ஓர் ஆச்சரியம்: மற்ற ரத்தக்குழாய்களையெல்லாம் பாழாக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் வயிற்று அயோர்ட்டா அனியூரிசம் குறைவாகவே காணப்படுகிறது! அதற்காகச் சர்க்கரை நல்லது என்று யாரும் கொள்ள வேண்டாம். கால் குழாய்களும் இதயமும் அதற்குக் கொடுக்கும் விலை மிகப் பெரியது.

நெடுநெடுவென்று உயரம், நீண்ட விரல்கள், தளர்ந்த மூட்டுகள் கொண்ட இளைஞரைப் பார்த்தால் மார்ஃபான் என்ற பரம்பரைக் குறையை நினைவில் வையுங்கள். அவர்களுக்கு இதயத்தை ஒட்டிய அயோர்ட்டா இளவயதிலேயே விரியக்கூடும். இளம்பெண்ணின் கையில் நாடியே அகப்படவில்லையா? டகயாசு நோயாக இருக்கலாம். 1908-இல் ஜப்பானியக் கண் மருத்துவர் டகயாசு ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் விநோதமான ரத்தக்குழாய்களைப் பார்த்து எழுதிய நோய் இது. தமனிகளை அடைக்கவும் செய்யும், உப்பவும் வைக்கும். குழந்தைகள் வார்டில் ஐந்து நாளாகக் காய்ச்சல், சிவந்த கண், ஸ்ட்ராபெரி நாக்கு என்றால் கவாசாகி. கவனிக்காமல் விட்டால் நான்கில் ஒரு குழந்தைக்கு இதயத் தமனியில் அனியூரிசம் வரலாம். பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் அந்த ஆபத்து மளமளவென்று குறைந்துவிடும். எவ்வளவு பெரிய வெற்றி!

கிருமிகளும் சுவரை அரிக்கும். இதய வால்வில் தொற்று உள்ளவருக்குக் கிருமிக்கட்டி போய் ஒட்டும் இடமெல்லாம் உப்பலாம். சால்மோனெல்லாவுக்கு அயோர்ட்டா என்றால் கொள்ளை ஆசை. தோப்பூர் நெஞ்சக மருத்துவமனைப் பக்கம் பயிற்சிக்குப் போகும் மாணவிகள் ராஸ்முசென் என்ற பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். காசநோய் நுரையீரலில் தோண்டிய குழியின் ஓரத்தில் நுரையீரல் தமனியின் கிளை உப்பி நிற்பது அது. வெடித்தால் இருமலோடு வாய்கொள்ளாத ரத்தம் வரும். எந்தப் பக்க நுரையீரல் என்று தெரிந்தால் நோயாளியை அந்தப் பக்கமாகவே சாய்த்துப் படுக்க வையுங்கள். நல்ல பக்கம் மூழ்காமல் தப்பும்.

அடுத்தது நம் மண்ணுக்கே உரிய காட்சி. தைப் பொங்கலையொட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசல்கள் திறக்கும் நாட்களில் அரசு இராசாசி மருத்துவமனை விழித்தே இருக்கும். எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று பெரியவர்கள் சொல்லும் கோரிப்பாளையத்துப் பெரியாஸ்பத்திரிதான். காளை தலையைத் தாழ்த்திக் கொம்பைத் தூக்கும் உயரம் மனிதனின் தொடை, அடிவயிறு. தொடையின் பெருந்தமனி ஓடும் பாதையும் அதுவே! வெளிக்காயம் சிறியது, தையல் போட்டாயிற்று, வீரர் வீட்டுக்குப் போய்விட்டார். சில நாளோ சில வாரமோ கழித்துத் தொடையில் துடிக்கும் கட்டியோடு திரும்பலாம். அது பொய் அனியூரிசம். சீழ்க்கட்டி என்று எண்ணி யாராவது கத்தி வைத்துவிட்டால் விபரீதம். ஆகவே ஒரு விதியை மனத்தில் பொறித்துக்கொள்ளுங்கள்: தமனி ஓடும் பாதையில் இருக்கும் எந்தக் கட்டியையும் கீறுவதற்கு முன் அது துடிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குள்ளேயும் பொய் அனியூரிசம் பிறக்கும். இடுப்பு மடிப்பு வழியே ஆஞ்சியோ செய்து, குழாயை உருவியபின் அமுக்கிப் பிடிக்கும் அந்தப் பதினைந்து இருபது நிமிடத்தில்தான் அதன் தலையெழுத்து இருக்கிறது. தோலில் தெரியும் துளைக்குச் சற்று மேலே அமுக்க வேண்டும், ஏனென்றால் ஊசி சாய்வாகப் போய்த் தமனியைத் தொட்ட இடம் அங்கேதான். நடுவில் ஒரு தடவை எட்டிப் பார்க்கலாமே என்று கையை எடுத்தால் முதலிலிருந்து எண்ண வேண்டும்.

டயாலிசிஸ் அறையிலும் ஒரு நிமிடம் நிற்போம். கையில் ஃபிஸ்டுலா போட்டவர்களுக்கு ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் அங்கே உப்பும். மேல்தோல் மெலிந்து பளபளத்தாலோ, பொருக்கு தட்டினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்தம் பீறிட்டால் துணியைச் சுற்றிக்கொண்டே போவதில் பயனில்லை. துளையின்மேல் ஒரு விரலை நேராக வைத்து அழுத்துங்கள்.

இருட்டறையில் வெளிச்சம்

அல்ட்ராசவுண்ட் அறைக்கு வந்துவிட்டோம். விளக்கை அணையுங்கள்! திரையில் கறுப்பு வட்டமாகத் தெரிவது நம் ஐயாவின் அயோர்ட்டா. 4.8 செ.மீ. ஊசியில்லை, கதிர்வீச்சு இல்லை, சில நிமிட வேலை. பெரும்பாலான அனியூரிசங்கள் இப்படித்தான் வேறெதையோ தேடும்போது அகப்படுகின்றன, ஏனென்றால் அவை வெடிக்கும்வரை பேசுவதே இல்லை.

கையால் பார்க்கும்போது நினைவில் கொள்ள வேண்டியது ஒன்று. ஒல்லியானவர்களுக்கு இயல்பான அயோர்ட்டாவும் துடிப்பது தெரியும். அதனால் இரு கை விரல்களையும் தொப்புளுக்கு மேலே இரு பக்கமும் மெல்ல வையுங்கள். விரல்கள் மேலே மட்டும் எழும்பினால் போதாது, ஒவ்வொரு துடிப்புக்கும் ஒன்றைவிட்டு ஒன்று விலக வேண்டும். அப்போதுதான் அது விரியும் துடிப்பு. அனியூரிசம் என்று உறுதியானபின் அந்த வயிற்றை யாரும் ஆழமாக அமுக்கிப் பார்க்க வேண்டாம். ஐயா சொன்ன ‘லேசா’ என்ற சொல்லில் முழுப் பாடமும் இருக்கிறது.

அடுத்த அறையில் கலர் டாப்ளர். பொய் அனியூரிசத்துக்குள் ரத்தம் ஒரு பக்கம் சிவப்பாக நுழைந்து மறுபக்கம் நீலமாகச் சுழன்று திரும்புகிறது. பார்க்கப் பார்க்கக் கண் எடுக்க முடியாத காட்சி! இடுப்பு மடிப்பில் ஆஞ்சியோவுக்குப் பின் வந்த சிறு பொய் அனியூரிசமாக இருந்தால், அந்தத் திரையைப் பார்த்தபடியே திராம்பின் ஊசியை உள்ளே விட்டால் சில நொடிகளில் சுழல் நின்றுபோகும். கொம்பு குத்திக் கிழித்த தமனிக்கோ பெரும்பாலும் கத்தியும் தையலும்தான்.

வைகை அணையின் எச்சரிக்கை நிலைகள் மதுரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 71 அடி முழு நீர்மட்டம் கொண்ட அணையில் 66 அடி வந்தால் முதல் எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. அயோர்ட்டாவுக்கும் அப்படி ஓர் அளவுகோல் உண்டு. 3 முதல் 3.9 செ.மீ. வரை மூன்று வருடத்துக்கு ஒரு ஸ்கேன். 4 முதல் 4.9 வரை வருடம் ஒன்று. 5 முதல் 5.4 வரை ஆறு மாதத்துக்கு ஒன்று. ஆண்களுக்கு 5.5, பெண்களுக்குச் சுமார் 5 எட்டினால் மதகைத் திறக்கும் நேரம், அதாவது அறுவையைப் பற்றிப் பேசும் நேரம். வேகமாக வளர்ந்தாலோ வலி வந்தாலோ அளவு பார்க்காமல் உடனே. அதற்குக் கீழே உள்ளவற்றை அவசரப்பட்டு அறுப்பதால் ஆயுள் கூடுவதில்லை என்று பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நடந்த பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன. நம் ஐயா இன்னும் கரைக்காவல் கட்டத்தில்தான் இருக்கிறார். பீடியை விட வேண்டும், அழுத்தத்தை அடக்க வேண்டும், ஸ்டாட்டின் மாத்திரை போட வேண்டும், வருடாவருடம் வந்து அளக்க வேண்டும். அறுவையைத் திட்டமிடும் நாளில் சி.டி. ஆஞ்சியோ எடுப்பார்கள். அதற்கு முன் கிரியேட்டினின் பார்த்தாயிற்றா, மருந்து ஒவ்வாமை கேட்டாயிற்றா என்பது உங்கள் பொறுப்பு.

இந்த அத்தியாயத்தில் கண் ஆஸ்பத்திரியும் வரும்! 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும் ஊரில், திடீரென்று ஓர் இமை மூடிக்கொண்டால் மக்கள் முதலில் ஓடுவது கண் மருத்துவரிடம்தான். இமையைத் தூக்கி டார்ச் அடியுங்கள். விழி கீழும் வெளியுமாகத் திரும்பி, கண்பாப்பா விரிந்து வெளிச்சத்துக்கு அசையாமல் நின்றால், மூளைத் தமனியின் அனியூரிசம் மூன்றாம் நரம்பை நசுக்குகிறதோ என்று அந்த நிமிடமே ஐயப்பட வேண்டும். சர்க்கரையால் அதே நரம்பு பழுதானால் பெரும்பாலும் பாப்பா தப்பித்துக்கொள்ளும். ஒரு டார்ச் வெளிச்சம் எவ்வளவு தூரம் பார்க்கிறது!

பச்சைத் துணிக்குப் பின்னே

இப்போது செருப்பைக் கழற்றுங்கள். தொப்பி, முகக்கவசம், கனமான ஈய அங்கி போட்டுக்கொள்ளுங்கள். அறுவை அரங்கு!

இங்கே நிற்கும்போது பழைய மனிதர்கள் எல்லாரும் நினைவுக்கு வருகிறார்கள். இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க வைத்தியர் ஆன்டில்லஸ் உப்பலுக்கு மேலும் கீழும் கட்டி நடுவே திறந்தார். 1785-இல் லண்டனில் ஜான் ஹன்டர் ஒரு வண்டிக்காரரின் முழங்கால் அனியூரிசத்துக்குத் தொடையிலேயே தமனியைக் கட்டினார். பக்கக் கிளைகள் வேலையை ஏற்றுக்கொண்டன, கால் பிழைத்தது. 1948-இல் ஐன்ஸ்டைனின் வயிற்று அயோர்ட்டாவைச் சுற்றி ருடால்ஃப் நிசென் செலோஃபேன் தாளைச் சுற்றினார். அந்தத் தாள் எரிச்சல் மூட்டி உண்டாக்கும் தழும்பு கரையைப் பலப்படுத்தும் என்பது கணக்கு. ஆறு வருடத்துக்கு மேல் தாங்கியது. 1955-இல் வெடிக்கத் தொடங்கியபோது மறு அறுவை வேண்டாம் என்று அவரே மறுத்துவிட்டார். அதற்குள் 1951-இல் பாரிஸில் ஷார்ல் துபோஸ்ட் உப்பிய பகுதியை எடுத்துவிட்டு, இறந்தவரின் தமனித் துண்டை வைத்துத் தைத்துக் காட்டியிருந்தார்.

அடுத்தவர் மைக்கேல் டிபேக்கி. ஹூஸ்டனில் துணிக்கடைக்குப் போய் நைலான் கேட்டார். இல்லை, டேக்ரான் இருக்கிறது என்றார்கள். வாங்கி வந்து வீட்டுத் தையல் இயந்திரத்தில் குழாயாகத் தைத்தார்! புதுமண்டபத் தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல் இயந்திரங்கள் ஓடியதைப் பார்த்து வளர்ந்த மதுரைக்காரர்களுக்கு இதைவிட இனிக்கும் மருத்துவ வரலாறு இருக்க முடியுமா! அந்தப் பாலியஸ்டர் துணிக்குழாயின் வாரிசுகள்தான் இன்றைக்கும் அயோர்ட்டாவில் தைக்கப்படுகின்றன.

திறந்த அறுவையில் வயிற்றைத் திறந்து, உப்பலுக்கு மேலே அயோர்ட்டாவில் கிளாம்ப் போட்டு, பையைத் திறந்து கட்டிகளை அள்ளி, துணிக்குழாயை மேலும் கீழும் தைத்து, பழைய பையையே போர்வையாக மூடிவிடுவார்கள். கிளாம்ப் திறக்கும் நொடியில் கால்களுக்கு ரத்தம் பாயும், அழுத்தம் சட்டென்று இறங்கும். மயக்க மருத்துவரும் அறுவை மருத்துவரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சேர்ந்து திறப்பார்கள்.

வயிற்றைத் திறக்காத வழியும் உண்டு. 1990-இல் பியூனஸ் ஐரிஸில் ஹுவான் பரோடி செய்துகாட்டிய வழி. இடுப்பு மடிப்புத் தமனி வழியே மடித்து வைத்த குடைபோன்ற ஸ்டென்ட் துணிக்குழாய் ஏறுகிறது. எக்ஸ்ரே திரையில் கம்பிக் கோடுகள் மெல்ல மேலே போகின்றன. சிறுநீரகத் தமனிகளுக்குச் சற்றுக் கீழே வந்ததும் எல்லாரும் மூச்சைப் பிடிக்கிறார்கள். உறையை இழுக்க, குடை விரிகிறது! ரத்தம் புதுக் குழாய்க்குள் ஓடுகிறது. உப்பிய பைக்குள் ரத்த ஓட்டம் நின்றுபோகிறது. மூளைக்குள்ளும் இதே கதைதான். 1937-இல் வால்டர் டேண்டி சுண்டைக்காயின் காம்பில் கிளிப் போட்டார். இன்று தொடைவழியே நுழைந்து தலைமுடிபோன்ற பிளாட்டினக் கம்பியைப் பைக்குள் சுருட்டிச் சுருட்டி நிரப்பி விடுகிறார்கள்.

விளக்கு அணைந்தபின் தொடங்கும் வேலை

மருத்துவர்கள் கையுறையைக் கழற்றிவிட்டார்கள். இனி மேடை உங்களுடையது!

அறுவைக்கு முந்தின நாளே இரு பாதங்களிலும் நாடி எங்கே கிடைக்கிறது என்று தேடி மார்க்கர் பேனாவால் குறி போட்டு வையுங்கள். நள்ளிரவில் வீங்கிக் குளிர்ந்த காலில் அந்தக் குறிதான் வழிகாட்டும். அதே இடத்தில் நாடி இல்லையென்றால், கால் வெளுத்துச் சில்லிட்டால், விரல் மரத்தால் ஒரு நொடியும் காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். சிறுநீர் மணிக்கு ஒரு முறை அளந்து எழுதுங்கள். எடையில் கிலோவுக்கு அரை மில்லிக்குக் கீழே போனால் சிறுநீரகம் தவிக்கிறது. முதல் ஓரிரு நாளில் ரத்தம் கலந்த பேதி போனால் குடலுக்கு ரத்தம் போகவில்லையோ என்று ஐயப்பட வேண்டும், வயிற்றுப்போக்கு மாத்திரை கொடுத்து மூடிவிடக்கூடாது. நெஞ்சு அயோர்ட்டா என்றால் மணிக்கொரு தரம் “கால் விரலை அசைங்க ஐயா” என்று கேளுங்கள். தண்டுவடத்துக்கு ரத்தம் குறைந்தால் முதலில் அதைச் சொல்வது அந்த விரல்தான். ஸ்டென்ட் வைத்தவருக்கு இடுப்பு மடிப்பைப் போர்வை விலக்கிக் கண்ணால் பாருங்கள். துணிக்குழாயின் ஓரத்தில் ரத்தம் மீண்டும் பைக்குள் கசியலாம் என்பதால் வாழ்நாள் முழுக்க ஸ்கேன் உண்டு என்பதை வீட்டுக்குப் போகும்முன் அவருக்கும் மகளுக்கும் புரியும்படி சொல்லுங்கள்.

மூளை அனியூரிசம் வெடித்தவர் “மண்டையில இடி விழுந்தாப்ல இருந்துச்சு” என்பார். வாழ்நாளில் காணாத தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு. சிகிச்சை முடியும்வரை மீண்டும் வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் உச்சம். அறை அமைதியாக இருக்கட்டும், தலைப்பக்கம் 30 டிகிரி உயரட்டும், மலம் முக்கிப் போகாதபடி மருந்து இருக்கட்டும். நான்காம் நாள் முதல் இரண்டு வாரம் வரை மூளைத் தமனிகள் சுருங்கலாம். அதன் பாதிப்பைக் குறைக்கத்தான் நிமோடிபைன் 60 மி.கி. நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம், 21 நாள். விடியற்காலை நான்கு மணி மருந்தைத் தூங்குகிறாரே என்று தவறவிடாதீர்கள்.

வயிற்று அயோர்ட்டா வெடித்தால் முதுகிலோ விலாவிலோ திடீர் வலி, வியர்வை, அழுத்தம் சரிவு, துடிக்கும் கட்டி. எல்லாம் சேர்ந்து வராமலும் இருக்கலாம். வயதான, புகைத்த ஒருவருக்கு முதல் முறையாகச் சிறுநீரகக் கல் வலி என்றால், கல் என்று முடிவு கட்டும்முன் அயோர்ட்டாவை ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். பருமனான இரண்டு ஊசிவழி, ரத்தப்பிரிவுப் பரிசோதனை, அரங்குக்குத் தகவல் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். நோயாளி நினைவோடு பேசிக்கொண்டிருந்தால் சலைனைக் கொட்டி அழுத்தத்தை 120-க்கு ஏற்றப் பார்க்க வேண்டாம். மருத்துவர்கள் 70 முதல் 90 வரை வைத்துக்கொண்டே அரங்குக்குக் கொண்டுபோவார்கள், ஏனென்றால் ஏறும் அழுத்தம் தற்காலிகமாக அடைபட்ட உடைப்பை மறுபடி திறந்துவிடும். மேலூரிலோ வாடிப்பட்டியிலோ இருப்பவர்களுக்கு 108 என்ற மூன்று இலக்க எண்தான் முதல் மருந்து.

சுற்று முடிந்தது. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 முதல் ரத்த அழுத்த மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. அந்த மாத்திரையைத் தினமும் விழுங்குவதும் பீடியை விடுவதும் ஐயாவின் கையில் இருக்கின்றன. அவரை அதற்கு இணங்க வைப்பது உங்கள் நாவில் இருக்கிறது. 65 வயது தாண்டி, எப்போதாவது புகைத்த ஒவ்வோர் ஆணுக்கும் வாழ்நாளில் ஒரு தடவையாவது வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் தாத்தாவிடமிருந்தே தொடங்குங்கள், தங்கச்சி. இந்த வாரமே.